வாழைச் சருகில் கட்டிய மோட்டார் சைக்கிள்

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தால் பேசமாட்டார், எழுதுவார். எனக்கு அது நேர் எதிர். வாய் ஓய்கிற வரைக்கும் பேசிவிட்டு, அடுப்படிக்குப் போய் மறந்துவிடுவேன். அவர் கோபம் தாளில் மையாக நின்றுவிடும். அப்படி அவர் எழுதிய ஒரு கடுதாசியைப் பற்றியும், அவருடைய மோட்டார் சைக்கிளை நான் கடல் தாண்டிக் கொண்டுபோன கதையைப் பற்றியும் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இரண்டும் ஒன்றுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசி. ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் போகிற சாலையில் எங்களுக்கு வாடகை வீடு. அவர் தையல் மெஷின் விற்கிற ஒரு கம்பெனிக்காக முசிறி, குளித்தலை, லால்குடி என்று ஊர் ஊராகச் சுற்றுவார். மெஷின் விற்பது, பழுதானால் சரி செய்வது இரண்டும் அவர்தான். சுற்றுவதற்கு மோட்டார் சைக்கிள். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அதை முற்றத்தில் அக்கக்காகக் கழற்றிப் போடுவார். ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கோணியின் மேல் வரிசையாக வைத்து, குங்குமம் இடுவது என் வேலை. எந்த வரிசையில் கழற்றினாரோ அந்த வரிசையில்தான் வைப்பேன். இல்லாவிட்டால் மறுநாள் பூட்டும்போது எரிந்து விழுவார். ஏழு வருஷம் அப்படித் துடைத்திருக்கிறேன். ஆனால் அதன் மேல் ஒரு நாளும் ஏறியதில்லை. பெண்பிள்ளை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து அம்மா மண்டபம் சாலையில் போனால் ஊர் வாயை மூட முடியாது என்று அவருக்குப் பயம்.

ஐப்பசியில் கொழும்பிலிருந்து அவருக்கு வேலை வந்தது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றி மெஷின் விற்க வேண்டும். சம்பளம் இங்கே வாங்கியதைப்போல் இரண்டு பங்கு. ஒரே ஒரு நிபந்தனை. சொந்த மோட்டார் சைக்கிள் வேண்டும், வருஷக் கடைசிக்குள் அது கொழும்பு ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு. அவர் இங்கே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் சுற்றிய ஊர்களை மறுவாரமே வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதனால் திரும்பி வந்தால் உட்கார இங்கே இடம் இல்லை. அங்கே வண்டி போய்ச் சேர்ந்தால்தான் சோறு.

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில், கப்பலில் சரக்கு அனுப்புகிற ஏஜெண்டு ஆபீஸ் இருந்தது. அங்கே எல்லாம் பார்த்துக்கொள்கிறவர் ஒரு பாய். வெள்ளைத் தொப்பி, காதில் பென்சில், யாரையும் நிற்கவைத்துப் பேசாத மனிதர். முழு வண்டியாக அனுப்பினால் பெரிய பெட்டி வேண்டும், கப்பலில் எடைக்குக் கூலி இல்லை, அடைக்கிற இடத்துக்குத்தான் கூலி என்று அவர் விளக்கினார். கழற்றி இரண்டு பெட்டியில் அடக்கிவிட்டால் பாதிதான் ஆகும். கிளம்புகிறதற்கு முந்தின இரண்டு நாளும் என் வீட்டுக்காரர் உட்கார்ந்து கழற்றினார். "நீ பத்திரமாக் கட்டி அனுப்பு. மத்ததைப் பாய் பாத்துப்பாரு" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினார்.

நான் தொட்டியத்துப் பெண். எங்கள் ஊரில் எதைக் கட்டினாலும் வாழைச் சருகில்தான் கட்டுவோம். பூ, வெற்றிலை, வெல்லம், மூக்குப்பொடி எல்லாம் அதில்தான் போகும். காய்ந்த மட்டையைத் தண்ணீர் தெளித்து விரித்தால் துணியைப்போல மடங்கும், உலர்ந்ததும் அட்டையைப்போல இறுகிப் பிடிக்கும். என் அண்ணன் தொட்டியத்திலிருந்து ஒரு கட்டுச் சருகு கொண்டுவந்து போட்டார். ஒவ்வொரு உருப்படிக்கும் விளக்கெண்ணெய் தடவி, சருகில் சுற்றி, வாழைநாரால் கட்டினேன். முன் சக்கரத்துச் சாமானுக்கு ஒரு முடிச்சு, எஞ்சின் சாமானுக்கு இரண்டு, பின் சக்கரத்துக்கு மூன்று. அங்கே அவர் பிரிக்கும்போது தேட வேண்டாமே என்ற நினைப்பு. இடுக்கிலெல்லாம் சருகைத் திணித்தேன். பெட்டியைக் குலுக்கிப் பார்த்தால் ஒரு சத்தம் இல்லை. எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

ஆணி அடித்த பெட்டிகளைப் பாயிடம் ஒப்படைத்தோம். கூட்ஸ் வண்டியில் தூத்துக்குடிக்கும், அங்கிருந்து கப்பலில் கொழும்புக்கும் போய்விடும் என்றார். நானும் வீட்டைக் காலி செய்கிற நாளைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன்.

ஒரு மாதம் கழித்துத் தந்தி வந்தது. பெட்டியை இறக்க விடவில்லை, திரும்பி வருகிறது என்று இரண்டே வரி. நாலு நாள் கழித்துக் கடுதாசி வந்தது. அதை இன்றைக்கும் எனக்கு வரி பிசகாமல் சொல்லத் தெரியும்.

"நீ செய்த காரியத்தால் வண்டி கரை இறங்கவில்லை. இலங்கையில் வாழைக்கு ஏதோ நோயாம். வெளியூர் வாழையில் ஒரு நார்கூட உள்ளே வரக்கூடாதென்று சட்டம். பெட்டியைத் திறந்ததும் சுங்கத் துரை மூக்கைப் பொத்திக்கொண்டு மூடச் சொல்லிவிட்டார். இரும்பைக் கட்டச் சொன்னால் கட்டுச்சோற்றைக் கட்டுவதைப்போலக் கட்டியிருக்கிறாய். உன் புத்தி தொட்டியத்து வாழைத் தோப்பைத் தாண்டி ஓர் அடி வராது. இனி நீ ஒன்றும் செய்ய வேண்டாம். வண்டி வந்ததும் கிடைத்த விலைக்கு விற்றுவிடச் சொல்லி உன் அண்ணனுக்கு எழுதிவிட்டேன். நான் பொங்கலுக்குள் ஊர் வந்து சேருகிறேன்."

முதல் தடவை படித்தபோது அழுதேன். இரண்டாம் தடவை படித்தபோது கோபம் வந்தது. மூன்றாம் தடவை 'ஊர் வந்து சேருகிறேன்' என்ற இடத்தில் நின்றேன். எந்த ஊருக்கு, எந்த வேலைக்கு வந்து சேருவது? அந்த மனிதர் என்னைத் திட்டியதுகூடப் போகட்டும். தோற்றுப்போனதாக முடிவு செய்துவிட்டாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பெட்டிகள் வந்து சேர்ந்தபோது வருஷம் முடியப் பதினெட்டு நாள் இருந்தது. பாய் ஆளனுப்பினார். நானும் அண்ணனும் போனோம். நோய் உள்ள தீவைத் தொட்டு வந்தது என்று தூத்துக்குடியில் பெட்டியை உடைத்துச் சருகையும் நாரையும் எரித்துவிட்டு, இரும்பை எல்லாம் வாரிக் குவித்து மறுபடி ஆணி அடித்திருந்தார்கள். என் ஒரு முடிச்சும் இல்லை, இரண்டு முடிச்சும் இல்லை. உப்புக் காற்றில் விளிம்பெல்லாம் துரு பூத்திருந்தது.

அண்ணன் சொன்னார்: "மாப்பிள்ளை எழுதின மாதிரியே செஞ்சிடலாம். தென்னூர்ல ஒருத்தர் கேக்குறாரு. வித்துட்டு நிம்மதியா இரு."

"யாருக்கு நிம்மதி? வித்த காசு எத்தனை மாசத்துக்கு வரும்?" என்று கேட்டேன். "நீங்க சும்மா இருங்கண்ணே. கட்டினது நான். கெடுத்தது நான். கொண்டுபோய்ச் சேக்கிறதும் நான்தான்."

பாய் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "தப்பு எம்மேலயும் இருக்கு தங்கச்சி. பெட்டியை ஆணி அடிச்சுக் கொண்டாந்தீங்க. உள்ளே எதில கட்டியிருக்குன்னு நான் கேக்கலை. கேட்டிருக்கணும்" என்றார். அப்படி ஒப்புக்கொண்ட ஆண்பிள்ளையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"மறுபடி கப்பல்ல அனுப்புனா எப்பப் போய்ச் சேரும் பாய்?"

"தை பொறந்துடும். ஆனா ஒரு வழி இருக்கு." அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். "சரக்கா அனுப்புனாக் கூலி கம்மி, அதான் முதல்ல அப்படிச் சொன்னேன். ஆனா அதுக்குத்தான் அத்தனை நாள். பயணி ஒருத்தர் கூடவே கொண்டுபோற சாமான்னா, போட் மெயில் ரயில்லயே, சாமான் பெட்டி இருக்கே, பிரேக் வேன், அதுல ஏத்திடுவாங்க. தனுஷ்கோடியில இறக்கி, அதே ஸ்டீமர்ல தலைமன்னார், அங்கேருந்து ரயில்ல கொழும்பு. ஆனா ஆளு கூடப் போகணும். உங்க அண்ணன் போறாரா?"

அண்ணன் கூரையைப் பார்த்தார். அவருக்குக் காவிரியில் பரிசல் ஏறினாலே வயிற்றைக் கலக்கும்.

"நான் போறேன்" என்றேன்.

"மூணாம் கிளாஸ்ல போறவங்களை மண்டபம் கேம்ப்ல சில நாள் நிறுத்தி வைப்பாங்க, நோய் நொடி இருக்கான்னு பாக்க. அதையும் கணக்குல வச்சுக்கங்க. இன்னொண்ணு, என்னென்ன சாமான்னு லிஸ்ட் வேணும். ஒண்ணு விடக்கூடாது. லிஸ்ட்ல இல்லாதது பெட்டியில இருந்தாலும் வம்பு, லிஸ்ட்ல இருக்கிறது பெட்டியில இல்லாட்டாலும் வம்பு."

பெட்டிகளை ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுவந்து முற்றத்தில் கவிழ்த்தேன். ஒன்றோடொன்று கலந்து கிடந்த இரும்பைப் பார்த்தபோது, இது ஆகிற காரியமா என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது உண்மை. பிறகு ஒரு கோணியை விரித்தேன். ஆயுத பூஜையை நினைத்துக்கொண்டேன். முதலில் ஹாண்டில்பார், அதற்குப் பக்கத்தில் விளக்கு, அப்புறம் மட்கார்டு. குங்குமம் இடும்போது கை எந்தப் பக்கம் போகுமோ அந்தப் பக்கமே வைத்துக்கொண்டு போனேன். கண்ணுக்கு மறந்தது கைக்கு ஞாபகம் இருந்தது. இடையில் எங்காவது இடம் காலியாக இருந்தால், அதற்குரியது குவியலில் இருக்கிறதென்று அர்த்தம். துருவை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். பெட்ரோல் வாடை இருந்தால் ரயிலில் ஏற்றமாட்டார்கள் என்பதால் டாங்கை, மூடியைக் கழற்றி, மூன்று நாள் மாடி வெயிலில் வைத்தேன்.

கோயிலில் பகல் பத்து நடந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மாமி பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தவர், எட்டிப் பார்த்துத் திகைத்துப்போனார். "என்னம்மா இது, நவராத்திரி போய் மார்கழியே வந்துடுத்து, நீ இரும்பால கொலு வெச்சிருக்கியே!"

"சுண்டல்தான் இல்லைங்க மாமி" என்றேன். அந்த வாரம் முழுக்க நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பாய் வீட்டுக்கே வந்து வாசல்படியில் உட்கார்ந்து லிஸ்ட் எழுதினார். நான் கோணிக்கு அந்தப் பக்கம் நின்று வரிசையாகச் சொன்னேன். கார்புரேட்டர், மேக்னெட்டோ, கிளட்ச் கம்பி, செயின், செயின் மூடி. பாதியில் பென்சிலை நிறுத்திவிட்டு, "இதெல்லாம் எங்கே படிச்சீங்க?" என்று கேட்டார். "கழுவிப் படிச்சது பாய்" என்றேன். மொத்தம் நாற்பத்திரண்டு உருப்படி. ஒன்றும் குறையவில்லை.

இனி கட்டுவதற்கு என்ன செய்வது? வைக்கோல் ஆகாது, உமி ஆகாது, இலை தழை ஒன்றும் ஆகாது. துணிதான். அவருடைய பழைய வேட்டிகள் போதவில்லை. என் புடவைகளை எடுத்தேன். கட்டியிருந்ததையும் மாற்றுக்கு ஒன்றையும் விட்டு மற்ற எல்லாம் இரும்பைச் சுற்றப் போயிற்று. எஞ்சினுக்கு என் கல்யாணப் பட்டு, ஏனென்றால் அதுதான் நீளமாகவும் முரடாகவும் இருந்தது. பிளக் ஒன்றுதான் பீங்கான், உடைந்துவிடும். அதைப் பெட்டியில் போட மனம் வரவில்லை. ஒரு தாளில் சுற்றி, என் டிரங்குப் பெட்டியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். லிஸ்டில் அதற்கு எதிரே 'கைப்பெட்டியில்' என்று பாயிடம் எழுதி வாங்கிக்கொண்டேன்.

கிளம்பியது வைகுண்ட ஏகாதசிக்கு முதல் நாள். ஊர் உலகமே ஸ்ரீரங்கத்துக்குள் வந்துகொண்டிருந்தது, எங்கள் மாட்டு வண்டி ஒன்றுதான் வெளியே போனது. காவிரிப் பாலத்தில் கூட்டம் எதிரே வந்து மோதியது. "பரமபத வாசல் திறக்கிற நேரத்துல ஊரைவிட்டுப் போறியே, தாயி!" என்று ஒரு கிழவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். எனக்கு வேறு வாசல் திறக்க வேண்டியிருந்தது. வண்டிக்காரரை ஓட்டச் சொன்னேன். ஜங்ஷனில் பாய் முன்னாலேயே வந்து நின்று, பெட்டிகளை எடை போட்டு ரசீது வாங்கி என் கையில் கொடுத்தார். விடியலில் ரயில் வந்தபோது பிரேக் வேனுக்குள் இரண்டும் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நான் ஏறினேன்.

மண்டபம் கேம்பில் ஆறு நாள் வைத்தார்கள். அங்கே வந்தவர்களின் துணிமணியை எல்லாம் நீராவியில் வேகவைப்பது வழக்கம். "பெட்டியில என்ன?" என்று கேட்டார்கள். "இரும்பு" என்றேன். திறந்தால் புடவை. "துணின்னா அவிச்சுத்தான் ஆகணும்" என்றார் சிப்பந்தி. கிணறு வெட்டப் பூதம் கிளம்பினது போல ஆயிற்று. நாற்பத்தொரு உருப்படியையும் பிரித்தேன். புடவைகள் வெந்து, சாயம் போய், சுருங்கி வந்தன. மணலில் விரித்துக் காயவைத்து மறுபடி ஒவ்வொன்றாகச் சுற்றினேன். தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் நாலு பேர் தாங்களே வந்து முனையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி கேட்டாள்: "இத்தனை பாடு பட்டு இதைக் கொண்டுபோகணுமா, அக்கா?" ஆமாம் என்று சொல்லி அடுத்த புடவையின் முனையை நீட்டினேன்.

விடுதலையான அன்று மண்டபம் ஸ்டேஷனிலிருந்து, வண்டியோடு வருகிறேன் என்று அவருக்குத் தந்தி கொடுத்தேன். பிளாட்பாரத்தில் ஒருத்தி மல்லிகை விற்றாள். ஆறு நாள் பூ இல்லாத தலை. ஆசையாக இரண்டு முழம் வாங்கி வைத்துக்கொண்டேன்.

தலைமன்னாரில் ஸ்டீமரை விட்டு இறங்கியதும் சோதனை. யாழ்ப்பாணத்துத் தமிழர் ஒருவர் என் பெட்டிகளுக்கு முன்னால் லிஸ்டோடு வந்து நின்றார். பெட்டியின் மேல் முன்பு கொழும்பில் அடித்த முத்திரை இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "இது திரும்பிப்போன பெட்டி எல்லோ? உள்ளுக்கு வாழைச் சாமான் ஏதும் இருக்கோ?"

"ஒண்ணுமில்லைங்க. பாருங்க" என்றேன்.

அவர் குனிந்தார். அப்போதுதான் காற்று என் முகத்தில் மல்லிகை வாசத்தை அடித்தது, எனக்கு உயிரே போய்விட்டது. பூவைத் தொடுத்திருந்தது வாழைநார்! ஊரிலிருந்து ஒரு நாரைக்கூட விடாமல் உதறிவிட்டு வந்து, கடைசியில் தலையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறேன். சுமங்கலி வைத்த பூவைத் தானே பிய்த்து எறிவது எங்கள் வழக்கத்தில் இல்லாத காரியம். கை கொஞ்சம் தயங்கத்தான் செய்தது. அப்புறம் சரக்கென்று உருவி அவர் கையிலேயே கொடுத்தேன்.

"இதிலே நார் இருக்குங்க. நீங்களே எரிச்சிடுங்க. பெட்டியில இருந்தா இதே மாதிரி நானே எடுத்துக் கொடுத்திருப்பேன்."

அவர் பூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெட்டியில் நாலு பொட்டலத்தை மட்டும் பிரித்துப் பார்த்துவிட்டுச் சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டார். "போயிட்டு வாங்கோ அம்மா" என்றார்.

வருஷத்தின் கடைசி நாள் காலையில் ரயில் கொழும்பு போய்ச் சேர்ந்தது. என் வீட்டுக்காரர் பிளாட்பாரத்தில் நின்றார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்தார், பூ இல்லாத தலையைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார். "ஆபீஸ் அஞ்சு மணிக்கு மூடிடும்" என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. கோபமா வெட்கமா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்க எனக்கு நேரமும் இல்லை.

சாமான் இறக்குகிற முற்றத்தின் ஓரத்தில் கோணியை விரித்தேன். பொட்டலங்களைப் பிரித்து அதே வரிசையில் வைத்தேன். அவர் உட்கார்ந்து பூட்ட ஆரம்பித்தார். அவர் நிமிராமல் கையை நீட்டுவார், அடுத்தது எதுவோ அதை நான் வைப்பேன். ஒரு தடவையும் தவறவில்லை. கூலிகளும் ரயில்காரர்களும் வட்டமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். கல்யாணப் பட்டு சாயம் போய் எண்ணெய்க் கறையோடு எஞ்சினிலிருந்து கழன்றபோது மட்டும் அவர் கை ஒரு நிமிஷம் நின்றது.

மூன்றரை மணிக்கு வண்டி தன் உருவத்தில் நின்றது. யாரோ பெட்ரோல் வாங்கிவந்து ஊற்றினார்கள். அவர் கையை நீட்டினார். "பிளக்."

டிரங்குப் பெட்டியைத் திறந்து தாள் பொட்டலத்தைக் கொடுத்தேன். பிரித்தார். பிளக்கை எடுத்தார். தாளை வீசப் போனவர், தம் கையெழுத்தைப் பார்த்துவிட்டார். அத்தனை பேருக்கு நடுவில் நின்றபடியே அதைப் படித்தார், தொட்டியத்து வாழைத் தோப்பு வரைக்கும்.

"இதையா சுத்தினே?" என்று கேட்டார்.

"பீங்கான் உடையக் கூடாதேன்னு முரட்டுத் தாளாத் தேடினேங்க. வீட்டிலேயே இதுதான் முரடு."

அவர் சிரிக்கவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிளக்கைப் பூட்டி உதைத்தார். முதல் உதைக்கு இருமியது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதற்குக் கிளம்பியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும், இத்தனை நாள் அடக்கிவைத்திருந்த அழுகை எனக்கு மொத்தமாக வந்துவிட்டது.

"ஏறு" என்றார்.

"நானா? ஊர் பாக்குதுங்க."

"பாக்கட்டும்."

ஏழு வருஷம் துடைத்த வண்டியில் அன்றைக்குத்தான் ஏறினேன். அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். கடல் காற்று அடிக்க அடிக்க, மணி நாலேகாலுக்கு ஆபீஸ் வாசலில் போய் நின்றோம். உள்ளேயிருந்து ஆபீஸ் துரை இறங்கி வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். என்னைக் காட்டி இங்கிலீஷில் ஏதோ கேட்டார். இவர் ஏதோ சொன்னார். துரை என் பக்கம் திரும்பித் தொப்பியைக் கழற்றினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வேலை கிடைத்துவிட்டதென்று அவர் சொன்ன பிறகு, "துரை என்ன கேட்டாரு?" என்று விசாரித்தேன்.

"வண்டியை எந்தக் கப்பல் கம்பெனி கொண்டுவந்ததுன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கம்பெனியால முடியலை, என் பெண்சாதி கொண்டுவந்தான்னு சொன்னேன்."

அந்தக் கடுதாசியை அதற்குப் பிறகு பலமுறை கேட்டேன். அவர் எனக்குத் திருப்பித் தரவே இல்லை.